நாற்பத்தோரு நாள் ஊறிய கட்டை

மறுபடியும் நுரை கட்டுது. டீக்கடைல வடிச்ச சக்கையத் திரும்பக் கொதிக்க விட்டா வருமே, அந்த மாதிரி பழுப்பு நுரை. மூணாவது தடவையா கட்டை கொதிக்குது, இன்னும் சாயம் நின்னபாடில்ல. கரண்டியால வழிச்சு மொட்டைமாடி ஓரத்துல ஊத்துறேன். சாயம் இறங்கினா ஒண்ணும் ஆகாது, மீனுக்கு அது நல்லதுதான்னு கலர் மீன் கடை பாய் சொல்றாரு. நல்லதுன்னுதான் நானும் அன்னைக்கு நெனச்சேன். நான் நெனச்ச நல்லதுல பதினோரு மீன் செத்துச்சு. மணி ஒன்பதரை. காரைக்குடில பஸ் ஏறியாச்சுன்னு வளர்மதி இப்பத்தான் போன் பண்ணினா. நிரஞ்சனா பேசுறாளான்னு கேட்டேன். ஜன்னலப் பாத்துட்டு வர்றான்னா. வளர்மதி என் சம்சாரம். நிரஞ்சனா அவ பொண்ணு. என் பொண்ணுன்னு சொல்லிக்கலாமான்னு நாலு வருஷமா எனக்கே தெரியல. ரேஷன் கார்டுல மகள்னு போட்டிருக்கு, அது கார்டு. கார்த்திகை வந்தா பதிமூணு முடியுது. முழுப் பரீட்சை லீவுக்குன்னு அவ அப்பாவப் பெத்தவங்க வீட்டுக்குப் போனவ, அங்கயே ஸ்கூல்ல சேந்துக்கறேன்னுட்டா. இன்னைக்கு வர்றது இருக்கறதுக்கு இல்ல. நாளைக்குத் திங்கக்கெழமை, ஸ்கூல் தொறக்குது, போய் டிசி வாங்கணும். அப்புறம் தொட்டில மிச்சம் இருக்கற ஒரே மீனு, கரியன், அத வாளில எடுத்துட்டுப் போகணும். ரெண்டே வேலை. வந்து ஒரு தடவை பாரு, அப்புறம் ஒன் இஷ்டம்னு சொல்லித்தான் வளர்மதி கூட்டிட்டு வர்றா. என்னத்தப் பாக்கறது? இந்தக் கட்டையத்தான். ஒரு கட்டைய வெச்சு ஒரு பொண்ண நிறுத்தப் பாக்கறேன். வெளிய சொன்னா சிரிப்பானுங்க, அதனால யார்ட்டயும் சொல்லல.

கட்டை ரெண்டே கால் அடி, அண்டா ஒண்ணே முக்கால் அடி. அதனால ஒரு பக்கம் முங்கி வெந்துட்டு இருக்கறப்ப மறுபக்கம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, குளிக்க மாட்டேங்கற புள்ள மாதிரி. ஒரு மணி நேரம் ஆனதும் தலைகீழா மாத்தணும். அண்டா சமையல் காத்தமுத்துகிட்ட வாங்கினது. எத்தன பேருக்குண்ணேன்னு கேட்டான். ஒருத்தருக்குன்னேன். மூஞ்சியப் பாத்தான், அண்டாவ எடுத்துக் குடுத்தான். அதுல எத்தன கல்யாணத்து எண்ணெய் ஏறியிருக்குமோ, சோப்பு போடக்கூடாதுன்னு பாய் சொல்லியிருக்காரு, சாம்பலும் புளியும் போட்டு மூணு தடவை தேச்சேன். அடுப்புக்கு மூணு செங்கல். அடுப்பெரிக்க என்னன்னு பாத்தா பட்டறைல மரத்துண்டு மூட்டை மூட்டையாக் கெடக்கு. நேத்துக் காலைல அதைத்தான் அள்ளிட்டு வந்து பத்த வெச்சேன். ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் மூக்குக்கு உறைச்சுது. பிளைவுட் துண்டு, மைக்கா ஒட்டின துண்டு, நானே சீலர் அடிச்ச ஜன்னல் சட்டம். நான் பாலிஷ் வேலைக்காரன், என் பட்டறைல பாலிஷ் படாத குச்சி ஏது? அந்தப் புகை அண்டாத் தண்ணில படிஞ்சிருக்குமா? ரெண்டு நிமிஷத்துல படியுமா? படியாதுன்னு தோணுச்சு. அன்னைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் தோணுச்சு. அண்டாத் தண்ணியக் கவுத்துட்டு, அடுப்ப அணைச்சுட்டு, முக்குக்கடைல போயி சவுக்கு விறகு ரெண்டு கட்டு வாங்கிட்டு வந்து முதல்லேந்து ஆரம்பிச்சேன். அதுலயே ஒரு மணி நேரம் போச்சு. இப்ப கைல ரப்பர் கிளவுஸ் மாட்டியிருக்கேன், வளர்மதி பாத்திரம் கழுவறது, ரோஸ் கலரு. வேர்த்து உள்ளுக்குள்ள விரலெல்லாம் சுருங்கிப் போச்சு. கழட்டக்கூடாது. முப்பது வருஷம் அரக்குலயும் தின்னர்லயும் ஊறின கை இது. நகக்கண்ணப் பாத்தா காப்பிப்பொடி அப்பின மாதிரி இருக்கும், எதப் போட்டுத் தேச்சாலும் போகாது. சோறு பெசைஞ்சா எனக்கு வாசனை தெரியல, மத்தவங்களுக்குத் தெரியுமாம். கட்டைல இருந்து சாயம் இறங்கற மாதிரி என் கைலேந்தும் இறங்குமோ என்னவோ. மீன் செத்த நாள்லேந்து அந்தத் தொட்டித் தண்ணில நான் விரல் வெக்கல.

இந்தக் கட்டையத் தேடி மூணு நாள் காலைல கொள்ளிடத்து மணல்ல அலைஞ்சேன். போன வெள்ளத்துல வந்ததெல்லாம் வெயில்ல காஞ்சு நரைச்சுப் போயி அங்கங்க கெடக்கும். மீன் கடைல தொட்டிக்குன்னு விக்கறதும் இதுதான், என்ன மரம் எங்கேந்து வந்துச்சுன்னு அவங்களுக்கே தெரியாது. எனக்கு மரம் தெரியும். மீன் தெரியாது, மரம் தெரியும், அந்தத் திமிர்லதான் போனேன். முதல் நாள் ஒரு வேர் கெடைச்சுது, அவ்ளோ அழகு, அஞ்சு விரலும் விரிச்ச மாதிரி. நகத்தால அழுத்தினேன், மாவு மாதிரி உள்ள போச்சு. முருங்கையோ என்னவோ, தண்ணில போட்டா ஒரு மாசத்துல கஞ்சியாயிடும். இன்னொண்ணு கனமா இருந்துச்சு, தட்டினா கணீர்னு சத்தம், சரி இதுதான்னு தோள்ல தூக்கிட்டு பாதி தூரம் வந்துட்டேன். அப்புறம்தான் பாத்தேன், ஒரு பக்கம் கடைசல் போட்டிருந்துச்சு. யாரோ வீட்டுக் கட்டில் காலு. எப்பவோ ஒருத்தன் அதுக்கு வார்னிஷ் அடிச்சிருப்பான், என்ன மாதிரி ஒருத்தன். அங்கயே போட்டேன். ஒண்ணு ஒரு முனைல கரிஞ்சிருந்துச்சு. ஆத்தங்கரைல எங்க கரிஞ்சிருக்கும்னு யோசிக்காம கீழ வெச்சுட்டு வேட்டில கையத் தொடச்சுக்கிட்டேன். மூணாவது நாள்தான் இது. வளைஞ்சு, நடுவுல ஒரு கை போற அளவு பொந்து, பட்டை துளி இல்ல. கத்தியால ஒரு சீவல் எடுத்து மோந்து பாத்தேன், நாக்குல வெச்சேன். வேம்பா இருந்தா கசக்கும். எட்டியா இருந்தா? எட்டிய நாக்குல வெக்கறவன் எவன், ஆனா வெச்சேன், கசக்கல. துவர்ப்பு. ரேகையப் பாத்தா நாவல். நாவக்கட்டைய கெணத்துக்கு அடில போடுவாங்க, தண்ணித் தொட்டில போடுவாங்க, வருஷக்கணக்கா அழுகாம கெடக்கும். சந்தோஷத்துல மணல்லயே உக்காந்துட்டேன். அப்புறம் எந்திரிச்சு இன்னொரு பக்கம் ஒரு சீவல் எடுத்து மறுபடியும் நாக்குல வெச்சேன். வீட்டுக்கு வந்தும் வெச்சேன். மறுநாள் எனக்கு ஒண்ணும் ஆகலங்கறத உறுதி பண்ணிக்கிட்டு அப்புறமாத்தான் டிரம்ல ஊறப் போட்டேன். போட்டா மெதக்குது. மேல அம்மிக்குழவிய வெச்சு முக்கினேன். தினம் காலைல தண்ணிய மாத்தறது, சாயம் பாக்கறது. பாய்கிட்ட ரெண்டு கப்பி மீனு வாங்கி அந்த ஊறல் தண்ணில ஒரு வாரம் விட்டேன், அதுவும் அவரு சொன்னதுதான். காலைல எந்திரிச்சதும் மேல ஓடிப்போயி ரெண்டும் நீந்துதான்னு பாப்பேன். நாலாவது நாள் பாத்தா ஏழெட்டுக் குஞ்சு. என் வாழ்க்கைலயே அவ்ளோ நிம்மதியாச் சிரிச்சதில்ல.

அதெல்லாம் பின்னாடி. முன்னாடி இந்தப் புத்தி எங்க போச்சுங்கறதுதான் கேள்வி. அத நெனைக்கக் கூடாதுன்னு நுரைய வழிக்கறேன், வழிக்கறப்பவே நெனைப்பு வந்துடுது. கரியன் சக்கர் மீனு, கண்ணாடில வாய வெச்சு ஒட்டிக்கிட்டுக் கெடக்குமே, அது. அதுக்கு மரத்தச் சொரண்டித் திங்கணுமாம். தொட்டிக்கு ஒரு கட்டை வேணும்மான்னு நிரஞ்சனா அவ அம்மாகிட்ட கேட்டத நான் உள்ளேந்து கேட்டேன். மரம். என்கிட்ட கேக்கல, ஆனா மரம். நாலு வருஷத்துல அந்தப் பொண்ணுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு பொருள் வேண்டியிருக்கு. யார்ட்டயும் சொல்லல. ஒரு நல்ல கட்டையா தேடிப் பிடிச்சு, நூத்தி இருவதுல ஆரம்பிச்சு முந்நூத்தி இருவது வரைக்கும் உப்புத்தாள் போட்டு, பொத்தலுக்கெல்லாம் பட்டி வெச்சு, சீலர் அடிச்சு, அரக்கு ஏழு தடவை துணில ஒத்தி ஒத்தி ஏத்தி, மேல மெலமைன் ஸ்ப்ரே. நாலு நாள் காய விட்டேன். தண்ணி உள்ள போகக்கூடாதுல்ல, மரம் கெட்டுடுமே. மரம் கெடக்கூடாதுன்னு பாத்தேனே தவிர தண்ணி கெடும்னு மண்டைல ஏறல. முப்பது வருஷமா மரத்தைத்தான காப்பாத்தறேன், தண்ணிகிட்டேந்து. அவ கடைசிப் பரீட்சை எழுதிட்டு வர்றப்ப தொட்டிக்குள்ள கட்டை இருந்துச்சு. லைட் போட்டேன். அப்படி மின்னுச்சு. பையக் கூட எறக்காம பாத்துட்டு நின்னா. "சூப்பரா இருக்கு"ன்னா. எங்கிட்டதான் சொன்னா, என் மூஞ்சியப் பாத்து. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல, அவ்ளோ சந்தோஷம். காலைல பாத்தா எல்லாம் பக்கவாட்டுல சாஞ்சு கெடக்கு, தண்ணி மேல எண்ணெய் மாதிரி ஒரு படலம். அவதான் வலைய எடுத்து ஒவ்வொண்ணா வாளிக்கு மாத்தினா. கரியன் மட்டும் எப்படியோ பொழைச்சுது, பூசணி மூணு நாள் இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. பூசணிங்கறது பெரிய மீனு, ஆஸ்கார் ஜாதி, மேலெல்லாம் ஆரஞ்சுத் திட்டு, அவ வெச்ச பேரு. அவ அப்பா ராஜசேகர் கட்டைவிரல் அளவுல வாங்கிட்டு வந்து விட்டது. அவரு ரயில்வேல கிளார்க்கு, நெஞ்சு வலிக்குதுன்னு ஆட்டோல ஏறினவரு திரும்ப வரல. இவளுக்கு அப்ப ஏழு வயசு. பூசணி இவளத் தெரிஞ்சு வெச்சிருந்துச்சு, தொட்டிகிட்ட போனா வந்து வாயத் தொறக்கும். மூணாவது நாள் இவ வாளிகிட்ட போய் நின்னா, வரல. இவ அழல. கட்டைய எடுத்து மோந்து பாத்தா. "என்ன போட்டீங்க இதுல?"ன்னு கேட்டா. "பாலிஷ்"னேன். சொல்றப்பவே, சாமி, அப்பக்கூட என் கொரல்ல ஒரு பெருமை இருந்துச்சு. அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

போன் அடிக்குது. கிளவுஸோட எடுக்க வரல, வேட்டில தொடச்சுட்டு முழங்கையால ஸ்பீக்கர அமுக்கினேன். புதுக்கோட்டை தாண்டியாச்சாம். வண்டி காலியா இருக்காம், சீக்கிரமே வந்துடுவோம்ங்கறா. "சமைச்சுட்டீங்களா?" "சமைச்சுட்டு இருக்கேன்." "என்ன?" "கட்டை." சிரிப்பான்னு நெனச்சேன், சிரிக்கல. பக்கத்துல அவ இருக்கா போல. வெச்சுட்டா. கட்டையத் திருப்பிப் போடற நேரம். ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்கறப்ப ஆவி மொகத்துல அடிக்குது, துவர்ப்பு வாசனை, நாவப்பழம் தின்ன வாய் மாதிரி. வெந்த பக்கம் மேல வந்துச்சா, வெயில்ல ஈரம் காயக் காய ரேகை எந்திரிக்குது. கருஞ்சிவப்பு, நடுவுல சுழி சுழியா. இந்த மாதிரி ரேகைய நான் ஆயுசுல நாலு தடவை பாத்திருப்பேன். ஒரே ஒரு கை உப்புத்தாள், ஒரே ஒரு ஒத்தல் அரக்கு, எப்படி நிக்கும் தெரியுமா. கை தானா இடுப்புக்குப் போகுது, அங்கதான் எப்பவும் ஒரு துண்டு உப்புத்தாள் சொருகியிருப்பேன், பழக்கம். இன்னைக்கும் இருக்கு. எடுத்துட்டேன். அடிப்பக்கம் ஒரு எடத்துல, கண்ணுக்குத் தெரியாத எடத்துல, ரெண்டு இழுப்பு. அவ்ளோதான். என்ன பண்றேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. உப்புத்தாளத் தெருவுல விட்டெறிஞ்சேன். "அண்ணே, மரத்துக்கு ஒண்ணும் பண்ணாதீங்க. சும்மா இருங்க, அதான் வேலையே"ன்னு பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. சும்மா இருக்கறதுக்கு எவன் எனக்குச் சொல்லிக் குடுத்தான்? பதினஞ்சு வயசுல தொழிலுக்கு வந்தவன், எந்தப் பொருளையாவது அது இருக்கற மாதிரி விட்டிருக்கேனா? இந்த வீட்டுக்கு வந்ததும் அவ படிக்கற மேஜைக்கு பாலிஷ் போட்டேன். ஸ்கேலுக்குப் போட்டேன். அவ அப்பா போட்டோ சட்டம் மங்கலா இருந்துச்சுன்னு கழட்டி அதுக்கும் போட்டேன், நம்ம மரியாதை நாம செய்யணும்ல. சாயங்காலம் ஸ்கூல்லேந்து வந்தவ சட்டத்தையே பாத்துட்டு நின்னா. பழைய சட்டத்துல மூலைல சின்னதா ஒரு கீறல் இருந்துச்சு. அது போயிடுச்சு. அது அவளுக்குத் தெரிஞ்ச கீறலோ, யாரு போட்ட கீறலோ. இப்பப் போயி அத நான் எப்படிக் கேக்கறது, கேட்டு என்ன பண்றது, திரும்பக் கீறி வெக்கவா?

இன்னொண்ணு இருக்கு, அதத்தான் நான் சுத்திச் சுத்தி வர்றேன், பக்கத்துல போகல. வளர்மதி வீட்டுக்கு நான் முதல் தடவை போனது பொண்ணு பாக்க இல்ல. அலமாரிக்கு பாலிஷ் போட. எனக்கு அப்ப நாப்பத்திரெண்டு, தங்கச்சிங்க மூணு பேருக்கும் முடிச்சுட்டு நிமிந்து பாத்தா என் வயசு போயிருந்துச்சு. வளர்மதி டீ குடுத்தா, பேசினா, அடுத்த வாரம் கதவுக்கும் போடணும்னா, அப்படித்தான் ஆச்சு. ஆனா அந்த முதல் நாள், தின்னர் டப்பாவத் தொறந்ததும் ஒரு சின்னப் பொண்ணு மூக்கப் பொத்திக்கிட்டு உள்ள ஓடுச்சு. திரும்பி வர்றப்ப கைல ஈரத் துண்டு. ஸ்டூல் மேல ஏறி, மீன் தொட்டிய முழுசா மூடினா. நாலு பக்கமும் இழுத்து இழுத்து விட்டா. எதுக்குப் பாப்பான்னு கேட்டேன். "நாத்தம் போயிடும் உள்ள"ன்னா. நான் சிரிச்சேன். ஒன்பது வயசுல அவளுக்குத் தெரிஞ்சது, எங்கிட்டயே சொன்னது. அத நான் மறக்கல, ஞாபகம் இருந்துச்சு, கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்டல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கேன். ஞாபகம் இருந்தும் அந்தக் கட்டைய உள்ள போட்டேன். அன்னைக்குத் துண்டு போட்டு மூடினாளே, யாருகிட்டேந்து மூடினா? எங்கிட்டேந்துதான். அப்புறம் நாலு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா அந்தத் துண்ட எடுத்துட்டா. முதல் வருஷம் அங்கிள்னு கூப்பிட்டா, வளர்மதி திட்டினா, அதுக்கப்புறம் ஒண்ணுமே கூப்பிடறதில்ல, "இங்க பாருங்க", "இந்தாங்க" அவ்ளோதான். அது எனக்குப் போதும்னு இருந்தேன். நெசமாவே போதும்தான். சூப்பரா இருக்குன்னு சொன்னாளே, அதுக்கப்புறம்தான் போதல.

கீரனூர். மெசேஜ் மட்டும். இன்னும் முக்கா மணி நேரம். கட்டைய எடுத்து, பழைய சாக்கு, துவைச்சுக் காய வெச்சது, அதுல வெச்சு நிழல்ல ஆற விட்டேன். பல்லு தேய்க்கற பிரஷ்ஷால பொந்துக்குள்ளயெல்லாம் தேச்சேன், புது பிரஷ். தண்ணி ஊத்தினேன். தெளிவாத்தான் ஓடுது, கொஞ்சம் மஞ்சள் இருக்கு, அது இருக்கட்டும். நான் பண்ணின முதல் கட்டை பட்டறைப் பரண்ல இருக்கு. நேத்து ஒரு ஆளு வந்து ஷோகேஸ்ல வெக்கக் கேட்டாரு. தர மாட்டேன்னேன். எதுக்கு வெச்சிருக்கேன்னும் தெரியல. இன்னும் அப்படியே மின்னுது, சனியன். கீழ எறங்கிப் போயி தொட்டியப் பாத்தேன். மூணடித் தொட்டில கரியன் மட்டும் பின்கண்ணாடில ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. வளர்மதி ரெண்டு நாளா இல்லாததால சாப்பாடு நான்தான். வெள்ளரிக்கா வட்டமா நறுக்கி, இடுக்கில பிடிச்சு, தண்ணிக்குள்ள எறக்கி விட்டுட்டு இடுக்கிய எடுத்துடுவேன். நேத்துப் போட்டதுல நடுவுல சொரண்டித் தின்னிருக்கு, தோலு வளையம் மாதிரி கெடக்கு. நான் போட்டத அது தின்னிருக்கு. சரி, அது மீனு, அதுக்கு என்ன தெரியும். இந்தக் கட்டைய நானே வெச்சுட்டா என்னன்னு ஒரு யோசனை. அவ வர்றப்ப உள்ள இருக்கும், லைட் போட்டு வெச்சா. சீ. அதேதான். அதே வேலைய மறுபடியும் பண்ணப் பாக்கறேன். அவ வரட்டும். வேணாம்னு சொன்னா இதையும் பரண்ல போடலாம், இல்ல அடுப்புல வெக்கலாம். அவ கரியன வாளில எடுத்துட்டுப் போயிட்டா அப்புறம் இந்தத் தொட்டில என்ன இருக்கும்? தண்ணி இருக்கும். நான் தினம் அதப் பாத்துக்கிட்டுப் பட்டறைக்குப் போகணும். வளர்மதி அதப் பாத்துக்கிட்டு என்கூட இருக்கணும். எத்தன நாள் இருப்பா? பொண்ணு ஒரு ஊர்ல தாய் ஒரு ஊர்லன்னா தாய் எங்க போவா? வெளிய சொல்லல, ஆனா பயம் அதுதான்.

கேட் சத்தம். ரெண்டு ஜோடி செருப்பு. நான் மேல சாக்குகிட்ட நிக்கறேன், கீழ எறங்கறதா வேணாமான்னு தெரியல, கிளவுஸ இழுத்து இழுத்து விட்டுக்கறேன். கீழ ஒண்ணும் பேச்சுக் கொரல் இல்ல. தொட்டிகிட்ட நிக்கறா போல. அப்புறம் நிரஞ்சனா கொரல், "வெள்ளரிக்கா யாரும்மா போட்டா?" "நான் இங்க இல்லையே. அவருதான்." படி ஏறி வர்றா. ரெண்டு மாசத்துல வளந்திருக்கா, கழுத்து நீண்ட மாதிரி இருக்கு. தோள்ல பை. அண்டாவப் பாத்தா, அடுப்பப் பாத்தா, ரோஸ் கிளவுஸப் பாத்தா, அப்புறம் கட்டை. உக்காந்து, கட்டைய எடுத்து மூக்குகிட்ட வெச்சா. பொந்துக்குள்ள மூக்க விட்டு மோந்தா. நகத்தால சொரண்டி நகத்தப் பாத்தா.

"என்ன போட்டீங்க இதுல?"

"ஒண்ணும் போடல."

"மேல?"

"மேலயும் போடல. தண்ணிதான். நாப்பத்தோரு நாள் ஊறல், மூணு வேக்காடு."

"ஊறல் தண்ணில கல்லுப்பு?"

"போடல."

கட்டையத் திருப்பினா. அடில விரல் தடவிட்டே போயி ஒரு எடத்துல நின்னுச்சு. சரியா அந்த எடம்.

"இங்க தேச்சிருக்கீங்க."

பொய் சொல்லலாம்னு ஒரு நொடி இருந்துச்சு. "ஆமா. உப்புத்தாள். ரெண்டு இழுப்புதான். அப்புறம் விட்டெறிஞ்சுட்டேன்."

என் மூஞ்சியப் பாத்தா. சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. "அது மண்ணுக்குள்ள போற பக்கம். பரவால்ல"ன்னுட்டு கட்டையத் தூக்கிக்கிட்டு கீழ எறங்கினா. பைய எறக்கல. நான் பின்னாடியே போனேன்.

தொட்டி முன்னாடி ஸ்டூலப் போட்டு ஏறி, கட்டைய மெதுவா, சாய்ச்சு, காத்து போக விட்டு எறக்கினா. கரியன் மூலைக்கு ஓடிடுச்சு. அடிப்பக்கம் உக்காந்துச்சு, ஆனா மறுமுனை கொஞ்சம் மேல கெளம்புது. அத்தன நாள் ஊறியும் ஒரு முனை கெளம்புது, எனக்கு அவமானமா இருந்துச்சு. அவ ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுட்டு, "கல்லு வெக்கணும்"னா. வளர்மதி புடவைத் தலைப்பச் சொருகிட்டு முன்னாடி வந்தா. "நீ விடும்மா. நீ வெச்சா சாயும்"னு நிரஞ்சனா தடுத்தா. அப்புறம் திரும்பாமலே, "கிளவுஸக் கழட்டுங்க"ன்னா.

யாருகிட்டங்கறது வெளங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. "இல்ல, கைல எல்லாம்..." னு ஆரம்பிச்சேன்.

"அது பாத்திரம் கழுவறது, அதுலதான் சோப்பு இருக்கும். கழட்டிட்டுக் குழாய்ல நல்லாக் கழுவிட்டு வாங்க. வெறும் தண்ணில."

கழுவினேன். ரெண்டு தடவை, மூணு தடவை, முழங்கை வரைக்கும். சீக்கிரம்னு கொரல் வந்துச்சு. நகக்கண்ணு அப்படியேதான் இருந்துச்சு, அதோடயே போனேன். தட்டையா ஒரு கல்ல எடுத்து, தோள் வரைக்கும் சட்டைய ஏத்திட்டு, கைய உள்ள விட்டேன். தண்ணி குளுந்து கெடந்துச்சு. மேல படலம் ஏதும் வருதான்னுதான் பாத்தேன். அவளும் அதத்தான் பாத்தா. வரல. கல்லக் கட்டை மேல வெச்சு மண்ண ஒதுக்கினேன். அவ கை மெதுவா அமுக்கறத விட்டுச்சு, கட்டை என் கைக்கு வந்துச்சு.

"அப்படியே கொஞ்ச நேரம் பிடிச்சுக்கங்க"ன்னுட்டு ஸ்டூல்லேந்து எறங்கி, தோள்ல இருந்த பையக் கழட்டி சோபால போட்டா. "சாயம் இன்னும் கொஞ்சம் இறங்கும். வெள்ளிக்கெழமை கால்வாசித் தண்ணி மாத்தணும். நான் ஸ்கூல் விட்டு வந்ததும் மாத்திக்கறேன், நீங்களா மாத்தாதீங்க."

காரைக்குடி ஸ்கூல் விட்டா இங்க வர முடியாது. வளர்மதி தலைப்பால வாயப் பொத்திக்கிட்டு சமையக்கட்டுப் பக்கம் போனா. "ம்"னேன். கட்டை உக்காந்துடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது, ஆனா கைய எடுக்கல.